ஏழு நொடி மனிதர்கள்

திங்கட்கிழமை காலை ஆறு மணிக்கு நீர்வாயில் என்னும் இணையதளம் திறக்கும். ஆறே முக்காலுக்கு மூடிவிடும். அதற்குள் வீட்டு எண்ணைப் பதிந்து கேட்டவர்களுக்கு அந்த வாரம் குழாயில் தண்ணீர் வரும், கேட்காதவர்களுக்கு வராது. நகரத்தின் ஒன்பது லட்சம் வீடுகளும் ஒரே நேரத்தில் வந்து மோதினால் எந்தக் கணினிதான் தாங்கும்? முன்கூட்டியே மோதிப் பார்ப்பதற்கென்று ஓர் அலுவலகம் இருந்தது.

அங்கே நப்பின்னைக்கு வேலை, நிழலர்களைச் செய்வது. போன ஆண்டு நீர்வாயிலில் விழுந்த ஒவ்வொரு தட்டலும் பதிவாகியிருந்தது. யார் எத்தனை நொடி தயங்கினார்கள், எங்கே தப்பாகத் தட்டினார்கள், எப்போது அலுத்துப்போய் விலகினார்கள் என்று அதை அலசுவாள். பிறகு அதே போல நடந்துகொள்ளும் பொய் மனிதர்களை லட்சக்கணக்கில் உருவாக்கி வாயிலின் மேல் ஏவுவாள். இந்த ஆண்டு அலுவலகம் ஒரு படி மேலே போனது. நிழலர்களைப் போல நடப்பவரே மனிதர், மற்றதெல்லாம் இயந்திரம் என்று பிரிக்கும் இனங்காணி ஒன்றையும் வாயிலில் பொருத்தப் போகிறார்கள். கள்ளத்தனமாகத் தண்ணீர் கேட்கும் நிரல்களை ஒழிப்பதற்காம்.

பதிவில் ஓரிடம் மட்டும் மற்றதோடு ஒட்டவில்லை. வாராவாரம் ஒரே கைபேசியிலிருந்து முந்நூற்றுப் பன்னிரண்டு கோரிக்கைகள். ஒவ்வொன்றுக்கும் ஏழே நொடி. தயக்கமில்லை, பிழையில்லை. மேலாளர் திருமாறன் ஒரு பார்வை பார்த்துவிட்டு, இது இயந்திரம், பதிவிலிருந்து வெட்டிவிடு என்றார்.

நப்பின்னைக்கு மனம் ஒப்பவில்லை. சில வாரங்களில் ஏழு நொடி எட்டாகியிருந்தது, சில வாரங்களில் ஆறு. ஆள் மாறினால்தான் அப்படி ஆகும். முகவரியைப் பார்த்து, அலைவாய்த்துறை என்ற நகரோரத்து மீனவர் ஊருக்கு ஒரு ஞாயிறு இரவே பேருந்து ஏறிவிட்டாள்.

அந்த ஊருக்குக் காலை ஆறு மணி என்பது படகுகள் கரை சேரும் நேரம். ஆண்கள் வலையில் இருப்பார்கள், பெண்கள் ஏலத்தில் இருப்பார்கள். அதனால் முறைவைத்து, வாரத்துக்கு ஒருவர் வேலையை விட்டுவிட்டு ஊர்ப் பொதுக் கைபேசியோடு உட்கார்ந்து ஊர் முழுவதற்கும் தண்ணீர் கேட்டுவிடுவார். அந்த வார முறைக்காரி சலேத் மேரி, மீன் ஏலம் கூவுகிறவள். எல்லா வீட்டு எண்களும் அவளுக்கு மனப்பாடம். அவள் விரல் ஓடிய வேகத்தைப் பார்த்து நப்பின்னைக்குச் சிரிப்பும் வந்தது, கலக்கமும் வந்தது.

திரும்பி வந்து சொன்னாள். ஒரு குக்கிராமத்துக்காக மொத்தத் திட்டத்தையும் கெடுக்க முடியாது என்று சொல்லி, வெட்டும் ஆணையைத் திருமாறன் அவள் முன் நகர்த்தினார்.

"இவங்களை வெட்டுற தாள்ல என் கையெழுத்து விழாது சார்."

அவரே போட்டுக்கொண்டார். இம்மாதிரிக் காரியங்களில் மேலாளர்களின் கை சுறுசுறுப்பானது.

இனங்காணி வந்த முதல் திங்களிலேயே அலைவாய்த்துறைக்குத் தண்ணீர் நின்றது. 'மனித நடத்தை காணப்படவில்லை' என்று திரை முந்நூற்றுப் பன்னிரண்டு முறை சொன்னது. ஓட்டுப் போடும்போது மட்டும் இந்தச் சந்தேகம் யாருக்கும் வந்ததில்லை.

நப்பின்னை குற்ற உணர்ச்சியோடு மறுபடி போனாள். கொஞ்சம் தயங்குங்கள், ஓரிடத்தில் தப்பாகத் தட்டுங்கள், ஒருமுறை பின்னால் போய் வாருங்கள், இனங்காணி நம்பிவிடும் என்று சொல்லிக்கொடுத்தாள். அப்படிச் செய்தால் வீட்டுக்கு ஒரு நிமிடம். வாயில் மூடுவதற்குள் நாற்பத்தைந்து வீடுதான் முடியும்.

சலேத் மேரிக்கு முகம் சிவந்தது. "மனுசின்னு காட்டுததுக்கு நான் வேலைய ஒழுங்கா செய்யக் கூடாதோ? அது என்கிட்ட நடக்காது தாயி. அந்த மிசினு யாரைப் பாத்துப் படிக்கு?"

வேலை போனால் போகட்டும் என்று நப்பின்னை உள்ளதைச் சொன்னாள். மாதத்தின் கடைசித் திங்களில் விழும் பதிவைப் பார்த்து இனங்காணி தன்னைத்தானே புதுப்பித்துக்கொள்ளும். ஏற்ற கோரிக்கை, மறுத்த கோரிக்கை எல்லாம் கணக்கில் சேரும். மொத்தக் கோரிக்கைகளில் பத்தில் மூன்று பங்குக்கும் குறைவாகத் தென்படும் நடத்தை எதுவோ, அது இயந்திரம்.

"அப்ப ஆளைக் கூட்டுவோம்" என்றாள் சலேத் மேரி.

ஏலம் முடிந்ததும் மீன் கூடையோடு அவள் போகாத தெரு நகரத்தில் குறைவு. உப்பளக் குடியிருப்பு, செவிலியர் விடுதி, சந்தைத் தெருக்கள் என்று பேச்சு பரவியது. அந்தக் கடைசித் திங்களன்று, தெருவுக்கு ஒருவர் மொத்தமாகக் கேட்பது. அந்த வாரம் யாருக்கும் தண்ணீர் வராது, ஆனாலும் கேட்பது. விடியற்காலையில் தூக்கம் கெட்டுத் திரையோடு மல்லுக்கட்டிச் சலித்துப்போயிருந்த ஊருக்கு அது பிடித்துவிட்டது. குடங்களை முன்பே நிரப்பிவைத்துக்கொண்டார்கள். இருந்தவர்கள் இல்லாதவர்களுக்குக் கொடுத்தார்கள். அந்தத் திங்களன்று பத்தில் எட்டுக் கோரிக்கை ஏழெட்டு நொடி வேகத்தில் வந்து விழுந்து, அத்தனையும் மறுக்கப்பட்டது. இவ்வளவு சந்தோஷமாகத் தோற்றவர்களை நப்பின்னை பார்த்ததே இல்லை.

அடுத்த திங்கள் ஆறு மணி தாண்டியதும் அலைவாய்த்துறையிலும், தெருவுக்கு ஒருவராகக் கேட்ட மற்ற இடங்களிலும் குழாய்கள் ஒன்றன்பின் ஒன்றாக இரைந்தன. ஆறே காலுக்கு நப்பின்னையின் கைபேசி ஒலித்தது. திருமாறன். அடுக்ககத்தில் தன் வீட்டுக்கு நிதானமாக, கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, எண்ணை இரண்டு முறை சரிபார்த்துக் கேட்டிருக்கிறார். மனித நடத்தை காணப்படவில்லையாம். மூன்று முறை முயன்றுவிட்டார்.

இனங்காணியை அவர் கையெழுத்திட்ட விதிப்படி யாராலும் கையால் திருத்த முடியாது என்பதை நப்பின்னை பொறுமையாக நினைவுபடுத்தினாள். வழி ரொம்ப எளிது, உங்கள் தெருவுக்குத் தண்ணீர் கேட்கிறவர் யாரோ அவரிடம் உங்கள் வீட்டு எண்ணைக் கொடுத்துவிடுங்கள் என்றாள்.



"பதினோரு வருஷமா இங்கதான் இருக்கேன், நப்பின்னை" என்றார் அவர். "யாரைப் போய்க் கேக்குறது? எனக்கு இங்க ஒருத்தரையும் தெரியாதே."