றாஸிக் பெயரில் பதினொரு விக்கெட்டுகள்

தொலைபேசி அலறியது.

கல்முனை மீன் சந்தையில் ஐஸ் உடைத்துக்கொண்டிருந்த பஸால், ஈரக் கையை இடுப்பில் கட்டிய சாரத்தில் துடைத்துவிட்டு எடுத்தான்.

"பஸால்... நீ மௌத்தாயிட்டாய்."

பேசியது ஜவுபர். பல்கலைக்கழக கிரிக்கெட் அணியின் கெப்டன்.

"உசிரோட இரிக்கிறவனுக்கிட்ட என்ன பகிடி இது?"

"பகிடி இல்லடா. சாகாமம் குளத்துல ஒரு ஜனாஸா மிதக்குது. பொக்கட்டுல றாஸிக்ட கெம்பஸ் அடையாள அட்டை. பொலிஸ் எனக்கு கோல் எடுத்திச்சி. மைதானத்துல நீதானே றாஸிக்."



றாஸிக் பஸாலின் சாச்சி மகன், உம்மாவின் தங்கை பிள்ளை. அச்சு அசல் அதே முகம். றாஸிக் படித்தான், பஸால் பந்து வீசினான். அணியில் வேகப்பந்து வீச்சாளர் இல்லை. றாஸிக்கின் அட்டையைக் கொடுத்து, எட்டாம் வகுப்போடு நின்ற பஸாலை மைதானத்தில் இறக்கியது ஜவுபரின் மூளை.

மூன்று ஆட்டங்கள். பதினொரு விக்கெட்டுகள். எல்லாம் றாஸிக் பெயரில்...

போன வாரம் றாஸிக்குக் குற்ற உணர்வு தாங்கவில்லை. திங்கட்கிழமை பல்கலைக்கழகத்தில் உண்மையைச் சொல்லப் போவதாகச் சொல்லியிருந்தான்.

"மெச் போட்டோவுல அவன்ட பேர், உன்ட முகம். பொலிஸ் உன்னத்தான் தேடும்," என்றான் ஜவுபர். "ஒருத்தரோடயும் கதைக்காத. ஒளிச்சி வெக்கிறன். நில்லு, வாறன்."

பத்தே நிமிடத்தில் ஜவுபரின் மோட்டார் சைக்கிள் வந்து பஸாலை ஏற்றிக்கொண்டது.

மாவடிப்பள்ளி தாண்டி, வாய்க்கால் ஓரம், ஆளில்லாத வயல் காவல் வாடி, ஓர் ஓலைக் குடிசை. உச்சி வெயில்.

"நீ ஆள் மாறி விளையாடினது இன்னும் ஆருக்குத் தெரியும்?" என்று கேட்டான் ஜவுபர்.

"நாம மூணு பேருக்குத்தான்."

"அப்ப... இப்ப ரெண்டு."

பஸாலின் போன் அதிர்ந்தது. தெரியாத எண்.

"பஸால், நான் றாஸிக். ஆஸ்பத்திரில இரிக்கன். ஜவுபர் என்னக் குளத்துல தள்ளிப்போட்டான். ஒரு வயக்காரர்தான் இழுத்தெடுத்தார்..."

ஜனாஸாவே இல்லை. பொலிஸ் கோலும் இல்லை.

ஜவுபர் கண்ணிமைக்காமல் பார்த்துக்கொண்டிருந்தான்.

"ஆரு?"

"உம்மா... சோறு தின்ன வரட்டாம்."

மறுமுனையில் றாஸிக் குரலைத் தாழ்த்தினான். "பக்கத்துல நிக்கிறானா?"

"ஓம் உம்மா. மாவடிப்பள்ளிக்கு அங்கால, வாய்க்கால் வாடிலதான் நிக்கிறன்."

ஜவுபர் போனைப் பிடுங்கி வாய்க்காலில் எறிந்தான். வாடிக்குள் கிடந்த மண்வெட்டியை எடுத்தான்.

"அகில இலங்கை டீமுக்கு என்னத்தான் எடுக்கப் போறாங்க. நீங்க வாயத் திறந்தா என்ட கதை முடிஞ்சி."

"சொல்லமாட்டன் மச்சான்... அல்லா மேல ஆணையா."

"றாஸிக்கும் தண்ணிக்குள்ள நிண்டு அப்பிடித்தான் சொன்னான்."

மண்வெட்டி உயர்ந்தது...

பஸால் பின்னால் விழுந்தான். கையில் ஒரு செங்கல் துண்டு தட்டுப்பட்டது. எழுந்தான். ஓடி வர இடமில்லை. நின்ற இடத்திலிருந்தே கையைச் சுழற்றினான்.

ஜவுபரின் முழங்காலுக்குக் கீழே எலும்பு முறியும் சத்தம்.

றாஸிக் சொல்லி, இருபது நிமிடத்தில் பொலிஸ் ஜீப் வந்தது. பஸால் எல்லாவற்றையும் சொன்னான். ஆள்மாறாட்டத்தையும்தான்.

"இனி விளையாடேலாது, என்ன சேர்?"

"ஏலாது தம்பி," என்றார் சப்-இன்ஸ்பெக்டர் சசிகரன். "அந்த மூண்டு மெச்சும் போன மாதிரித்தான்."

பிறகு, வரப்பில் காலைப் பிடித்துக்கொண்டு முனகிய ஜவுபரிடம் குனிந்தார்.

"நேரா காலில பட்டிருக்கு. எல்.பி.டபிள்யூ. அப்பீல் பண்ணுறதெண்டா... கோர்ட்டில பண்ணு."