ராஜபாய் டீச்சர் மிச்சம் வைத்த பாடம்

ரப்பர் மரத்தில் பால் வெட்டி முடித்து, அந்த நாற்றம் போகாத கையோடு தக்கலையில் பஸ் இறங்கி, பழைய மிஷன் பங்களாவுக்கு நடந்தேன். மழை மூட்டத்தில் மதியமே இருட்டிக் கிடந்தது.

என் மகள் லிஜாவுக்குக் கண் தெரியாது. தாயும் இல்லை. ஆசிரியர் தேர்வுக்கான புத்தகத்தை ராஜபாய் டீச்சர் அந்தப் பங்களாவின் சத்தம் புகாத அறையில் இருந்து வாசித்துப் பதிவு செய்து கொடுத்துவந்தார். இரண்டு பாடம் பாக்கி இருக்கும்போது, வாசித்த நாற்காலியிலேயே இறந்துபோனார். படித்தவர்களை எல்லாம் கேட்டுப் பார்த்தேன். "பாவம்" என்றார்கள். நேரம் மட்டும் ஒருவருக்கும் இல்லை. நாற்பது வயதில் எழுத்துக் கற்ற நான்தான் மிச்சம்.

ஸ்மைலின் என்ற காவலாளி சாவியைத் தந்து சிரித்தான்.

"ஓய் ரசலையா, நீரு எழுத்துக்கூட்டி முடிக்கியதுக்குள்ள பிள்ளைக்கு பென்ஷனே வந்திரும்."

"நீ வாசிச்சுக் குடுக்கியா?"

"அந்த ரூமிலயா? நம்மளால முடியாது."

உள்ளே நனைந்த தாளின் வாடை. அதற்கு மேல், டீச்சர் எப்போதும் பூசும் தலைவலித் தைலம்.

லிஜாவின் போனில் பதிவைப் போட்டு எதிரே வைத்து, வரியில் விரலை ஊன்றி வாசித்தேன். வெளியே பெய்த மழை உள்ளே கேட்கவில்லை. முதுகுக்குப் பின்னால் யாரோ மூச்சு விட்டார்கள். நான் தடுமாறும்போதெல்லாம் அந்த மூச்சும் நின்றது.

நான் திரும்பவில்லை.

வீட்டில் லிஜா கேட்டுவிட்டுச் சொன்னாள்: "நல்லா இருக்குப்பா. அந்தப் படந்தான் விளங்கல்ல."

கண் தெரியாதவர்களுக்கு வாசிக்கும்போது, புத்தகத்தில் படம் வந்தால் அதையும் விவரித்துச் சொல்ல வேண்டும். நான் வாசித்த பாடத்தில் படமே கிடையாது.

போனை வாங்கிக் கேட்டேன். என் திக்கலுக்கு நடுவே டீச்சரின் தெளிந்த குரல்.

"படம். ஒருவர் குனிந்து வாசிக்கிறார். அவர் பின்னால் ஒரு பெண் நிற்கிறாள். அவள் தாடையைச் சுற்றி வெள்ளைத்துணி கட்டியிருக்கிறது."

பிணத்துக்குக் கட்டும் துணி.

"இத அழிச்சிரட்டா மக்களே?"

"வேண்டாம்பா. டீச்சருக்க குரல்னு எனக்கும் தெரியும். வேற யாரு வாசிச்சுத் தருவா? இன்னும் ஒரு பாடம் கெடக்குல்லா."

மறுநாளும் போனேன். புத்தகத்தைத் திறந்ததும் தோளில் ஒரு கை விழுந்தது.

ஈரமான கை.

"டீச்சரே," என்று முனகினேன், "பிள்ள பாஸாகட்டும். பொறவு எங்கிட்ட என்ன வேணும்னாலும் எடுத்துக்கிடுங்க."

அந்தப் பாடத்தை ஒரு எழுத்துகூடத் தடுமாறாமல் வாசித்து முடித்தேன்.

லிஜா பாஸானாள். சேதி வந்த அன்று வாசலிலேயே "மக்களே!" என்று கூப்பிட்டேன்.

என் வாயிலிருந்து டீச்சரின் குரல் வந்தது.

லிஜா சுவரோடு ஒட்டினாள். அவள் கையைப் பிடித்தேன்.

"கை சில்லுன்னு இருக்கு... யாரு இது? அப்பா! ஓடி வாங்கப்பா!"

உதறிவிட்டு அறைக்குள் போய்த் தாழிட்டுக்கொண்டாள். அந்தக் குரலில் நான்தான் என்று சொல்ல முடியாது. எழுதிக் காட்டினால் அவளால் பார்க்க முடியாது. கதவில் நெற்றியை வைத்து நின்றேன்.

உள்ளே அவள் அழுகை. பிறகு அதன்மேல், மெதுவாக, என் குரல்.

"பயப்படாத மக்களே. அப்பா இங்கதான இருக்கேன்."