புதன்கிழமை மழை

சனிக்கிழமை காலை ஏழரை மணிக்கு பாமாவின் வீட்டுக்கு வந்தவர் குடையை மடக்க மறந்து அப்படியே கூடத்துக்குள் நுழைந்துவிட்டார். சைனிக்புரியில் மார்கழிக் குளிரோடு மூன்று நாளாகத் தூறல் விடவில்லை. வந்தவருக்கு ஐம்பத்தைந்து வயதிருக்கும். சட்டைப் பொத்தான்களை ஒன்று மாற்றிப் போட்டிருந்தார்.

பாமா இருபத்தெட்டு ஆண்டுகள் கப்பல் காப்பீட்டில் விசாரணை அதிகாரியாக இருந்தவர். மூழ்காத கப்பலை மூழ்கியதாகக் காட்டுகிறவர்களைப் பார்த்துப் பார்த்து, யார் எதைச் சொன்னாலும் முதலில் "அப்படியா?" என்று மட்டும் கேட்கப் பழகியிருந்தார். மாடியில் குடியிருந்த சூசைராஜ், லாலாகுடா ரயில்வே பணிமனையில் ஃபிட்டராக இருந்து ஓய்வு பெற்றவர். பாமாவைத் தேடி யார் வந்தாலும் படியிறங்கி வந்துவிடுவார். அவரை யாரும் துணைக்கு வைத்துக்கொள்ளவில்லை; அவராகவே சேர்ந்துகொண்டார். எந்த வழக்கிலும் முதல் பத்து நிமிடத்தில் அவருக்குக் குற்றவாளி கிடைத்துவிடுவார். பெரும்பாலும் தவறான ஆளாக இருக்கும், அது வேறு விஷயம்.

"என் பேர் கோவிந்தராஜன், குஷாய்குடாவிலேர்ந்து வரேன்," என்றார் வந்தவர். "என் பொண்ணு ஹர்ஷிதா ஏழு பேரைக் கொன்னுட்டான்னு சொல்றாங்க மேடம்."

"யார் சொல்றாங்க?"

"முதல்ல எல்லாரும் சொன்னாங்க. இப்ப அவளே சொல்றா."

பாமா அவரை உட்கார வைத்துக் காபி கொடுத்து, நடந்ததை வரிசையாகச் சொல்லச் சொன்னார்.

இரண்டு தெரு தள்ளி 'கரைக்குரல்' என்றொரு சிறிய நிறுவனம் இருந்தது. நெல்லூர்க் கடற்கரைக் குப்பங்களின் இருநூறு படகுகளுக்கு அது தினமும் வானிலை சொல்லி வந்தது. காலையில் வானிலை பார்ப்பவர் அச்சடித்த தாள் ஒன்றை நிரப்புவார். பச்சை, மஞ்சள், சிவப்பு என்று கட்டங்களில் டிக் அடித்துக் கீழே முதலெழுத்தைப் போட்டால் முடிந்தது. அந்தத் தாளைப் பார்த்து சுனில் என்பவர் தமிழிலும் தெலுங்கிலும் பேசிப் பதிவு செய்வார். அந்தக் குரல் படகுக்காரர்களின் போனுக்குப் போகும். புதன்கிழமை ஹர்ஷிதாவின் முறை. வியாழன் மாலைக்குள் கரை திரும்பினால் போதும் என்றது அன்றைய குரல். ஆனால் வியாழன் விடியற்காலையிலேயே புயல் வந்துவிட்டது. ஒரு படகு கவிழ்ந்து ஏழு பேர் போனார்கள். ஆறு உடல்கள் ஒதுங்கிவிட்டன. ஒன்று இன்னும் கிடைக்கவில்லை.

"புதன் மாலை வரியிலேயே சிவப்பு போட்டேன்னு முதல்ல சொன்னா. முதலாளி தாளை எடுத்துக் காட்டினார். சிவப்பு ஒரு நாள் தள்ளி, வியாழன் மாலை வரியில இருக்கு. அதுலேர்ந்து, 'என் கைதான் தவறியிருக்கும்பா'ன்னு ஆரம்பிச்சிட்டா. வியாழக்கிழமையிலேர்ந்து சாப்பிடல. பாத்ரூம் கதவைச் சாத்தினாக்கூட எனக்கு பயமா இருக்கு."

"புதன்கிழமை உங்ககிட்ட ஏதாவது பேசினாளா?"

"நாலு மணிக்கு போன் பண்ணா. 'மழை ஆரம்பிச்சிருச்சு, மாடித் துணியை எடுங்க'ன்னா. பத்து நாளா ஒரு சொட்டு இல்லாம அப்பத்தான் பெஞ்சது. 'எங்க மெசேஜ் போயிருச்சு, எல்லாரும் கரைக்கு வந்திருப்பாங்க'ன்னும் சொன்னா. அப்பன் சாட்சி சொன்னா யார் கேப்பா? பத்து மணிக்குத் தாளை வாங்கிட்டுப் போக போலீஸ் வருது." அவர் காபியைத் தொடவே இல்லை. "இன்னிக்கு ராத்திரி இன்னொரு புயலாம். அந்தக் குப்பத்து ஜனங்க, கிடைக்காத உடம்பைத் தேடி மத்தியானம் படகெடுக்கறாங்களாம். போகாதீங்கன்னு கரைக்குரல் சொன்னா இனி யார் நம்புவா?"

பாமா செருப்பை மாட்டிக்கொண்டார். "ஹர்ஷிதாவைக் கூட்டிட்டு நேரா அந்த ஆபீசுக்கு வந்துருங்க," என்றார்.

வழியிலேயே சூசைராஜ் வழக்கை முடித்துவிட்டார். "முதலாளிதாம்மா. ஏர்ஃபோர்ஸ் ராமசுவாமி, நமக்குத் தெரிஞ்ச ஆள்தானே. நவம்பர்ல மூணு நாள் சிவப்பு சொல்லிப் புயல் வராமப் போச்சு. படகுக்காரங்க திட்டித் தீர்த்துட்டாங்களாம். அந்தப் பயத்துல சிவப்பைத் தள்ளி வெச்சு, இப்ப பொண்ணு தலையில கட்டறார்."

"அவர் புதன்கிழமை ஊர்ல இருந்தாரா?"

"மெட்ராஸ்ல கல்யாணம். வியாழன் சாயங்காலம்தான் வந்தார். ஹவ், சரிதான், வந்தப்புறம் தாளை மாத்தி வெச்சிருக்கலாமே?"

"வெச்சிருக்கலாம்," என்றார் பாமா.

கரைக்குரல், ராமசுவாமியின் வீட்டுக் கீழ்த்தளத்தில் மூன்று அறைகளில் இருந்தது. ராமசுவாமி விமானப்படை வானிலைப் பிரிவில் முப்பது ஆண்டுகள் இருந்தவர். இன்னமும் விறைப்பாகவே நின்றார், கண்கள் மட்டும் வீங்கியிருந்தன. இன்னொரு வானிலைப் பெண்ணான சாஹித்யா கணினி முன் இருந்தாள். பதிவு அறையின் வாசலில் தாடியோடு ஒடுங்கி உட்கார்ந்திருந்தான் சுனில். முப்பத்தைந்து வயதிருக்கும்.

"கிடைக்காதது இவன் தம்பி பாபுவோட உடம்புதான்," என்று ராமசுவாமி தாழ்ந்த குரலில் சொன்னார். "ஊருக்குப் போடான்னேன். போகமாட்டேங்கறான். மூணு நாளா இங்கேயே கிடக்கறான்."

சூசைராஜுக்குக் கண் கலங்கிவிட்டது. "கடமை," என்றார்.

பாமா புதன், வியாழன் இரண்டு நாள் தாள்களையும் கேட்டு வாங்கிப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். புதன் தாளில் மேலே 'மழைமானி: 14 மி.மீ.' என்றிருந்தது. நடுவில் வரி வரியாக வண்ணக் கட்டங்கள். வியாழன் மாலை வரியில் சிவப்பு. கீழே ஒரு H. வியாழன் தாளிலும் மேலே 14 மி.மீ. கீழே சாஹித்யாவின் S. இரண்டிலும் டிக்குகளும் எண்களும்தான், கையெழுத்தை வைத்து ஆளைச் சொல்ல வழியில்லை.

"கம்ப்யூட்டர் வரைபடம் என்ன சொல்லிச்சு?"

"புதன் ராத்திரியே மோசமாகும்னுதான்," என்றார் ராமசுவாமி. "அதைப் பார்த்துட்டுத்தான் எழுத உட்கார்ந்திருக்கா. வரி மாறிப் போச்சு. கெட்ட பொண்ணு இல்லீங்க. ஆனா நான் போலீஸ்கிட்ட பொய் சொல்ல முடியாது."

அப்போது மணி எட்டரை. சாஹித்யா ஓர் அளவுக் குவளையை எடுத்துக்கொண்டு மாடிக்குப் போனாள். பாமாவும் பின்னால் ஏறினார். மொட்டைமாடி நடுவே இருந்த மழைமானியிலிருந்து தண்ணீரைக் குவளையில் ஊற்றி அளந்து, எண்ணைக் குறித்துக்கொண்டு, தண்ணீரைக் கொட்டிவிட்டாள் சாஹித்யா.

"தினமும் சரியா எட்டரைக்கா?"

"எல்லா ஊர்லயும் அப்படித்தான் ஆன்ட்டி. நேத்து எட்டரையிலேர்ந்து இப்ப வரைக்கும் பெஞ்சது இன்னைக்குத் தாள்ல வரும். இனிமே ஒரு சொட்டு விழுந்தாலும் நாளைத் தாள்தான்."

"வியாழக்கிழமை நீதானே அளந்தே? அப்ப கீழே யார் இருந்தாங்க?"

"சுனில் அண்ணா மட்டும். 'நேத்து பதினாலு மில்லிமீட்டர் அண்ணா, டிசம்பர்ல இவ்வளவு!'ன்னு சொல்லிட்டே இறங்கினேன். அரை மணி நேரத்துல படகு நியூஸ் வந்துருச்சு."

அவர்கள் இறங்கியபோது கோவிந்தராஜன் மகளோடு வந்திருந்தார். ஹர்ஷிதாவுக்கு இருபத்தாறு வயது. மூன்று நாளில் கன்னம் ஒட்டிப்போயிருந்தது. யாரையும் பார்க்காமல், "ஐ டோன்ட் நோ ஆன்ட்டி. டிக் பண்ணது ஞாபகம் இருக்கு. ஆனா எந்த வரின்னு... இப்ப நாக்கு தெலியது," என்றாள். தனக்கே தெரியவில்லை என்று அவள் சொன்ன விதம் பாமாவைச் சுட்டது. செய்த குற்றத்துக்கு அழுகிறவர்களை அவர் நிறையப் பார்த்திருந்தார். செய்யாததற்கு இப்படி உருகுகிறவளைப் பார்க்கப் பொறுக்கவில்லை.

எல்லோரையும் உட்காரச் சொல்லிவிட்டுப் புதன் தாளை மேசை நடுவில் வைத்தார்.

"நீங்க எல்லாரும் சிவப்பையே பார்த்துட்டிருக்கீங்க. மேல பாருங்க. மழை பதினாலு மில்லிமீட்டர். ராமசுவாமி சார், புதன்கிழமைத் தாள்ல எந்த மழையை எழுதணும்?"

"செவ்வாய் எட்டரையிலேர்ந்து புதன் எட்டரை வரைக்கும் பெஞ்சதை," என்று தொடங்கியவர் பாதியில் நின்றார். தாளை இழுத்து மறுபடி பார்த்தார். "ஆனா புதன் காலையில மழையே இல்லையே."

"பத்து நாளா இல்லை. புதன் சாயங்காலம் நாலு மணிக்குத்தான் ஆரம்பிச்சது. அது வியாழன் தாள்ல வரணும், வந்தும் இருக்கு. அப்ப அதே மழை புதன் தாளுக்கு எப்படி வந்தது? அன்னைக்குக் குரல் பதிவானது எத்தனை மணிக்கு?"

"ஒன்பதரை," என்றாள் சாஹித்யா. "கம்ப்யூட்டர்ல நேரம் இருக்கு."

"அப்ப ஹர்ஷிதா எழுதின தாள் ஒன்பதரைக்கு முன்னாடியே முடிஞ்சிருக்கணும். நாலு மணிக்குப் பெய்யப்போற மழையைக் காலையிலயே யாரால அளந்து எழுத முடியும்? இது அவ தாள் இல்லை. வியாழக்கிழமை, செய்தி வந்தப்புறம், வேற ஒருத்தர் உட்கார்ந்து நிரப்பின தாள்."

ஹர்ஷிதா தலையை நிமிர்த்தினாள். கோவிந்தராஜன் மகளின் கையைப் பிடித்துக்கொண்டார்.

சூசைராஜ் ராமசுவாமியை நோக்கி நாற்காலியைத் திருப்பினார். பாமா அவர் தோளைத் தொட்டு நிறுத்தினார்.

"நக்கோ, வேணாம் சூசை அண்ணே. முப்பது வருஷம் எட்டரை மணிக்கு மழை அளந்தவர் தூக்கத்துலகூட இந்தத் தப்பைப் பண்ணமாட்டார். சாஹித்யாவும் பண்ணமாட்டா, அந்தப் பதினாலை அளந்தவளே அவதான். புதன்கிழமை பெஞ்ச மழை புதன்கிழமைத் தாளுக்குத்தான்னு நாம எல்லாரும் நினைப்போம். மாடி ஏறி அளக்காதவங்க நினைப்பு அது. இங்கே தினமும் தாளைப் பார்த்தும் மேல் கட்டத்தைப் படிக்கத் தேவையே இல்லாதவர் ஒருத்தர்தான். நிறத்தைப் பார்த்துப் பேசினா அவர் வேலை முடிஞ்சது. 'நேத்து பதினாலு'ன்னு சாஹித்யா சொன்னதைக் கேட்டதும் அவர் ஒருத்தர்தான்."

யாரும் சுனிலின் பக்கம் திரும்பவில்லை. அவனாகவே எழுந்து வந்தான்.

"தம்பி கடல்ல கிடக்கறப்போ, நீ ஏன் அம்மாகிட்ட போகலை?" என்று பாமா கேட்டார். அதில் அதட்டல் இல்லை.

"எந்த மூஞ்சியோட போவேன் மேடம்?" என்றான் சுனில். "நவம்பர்ல மூணு நாள் சிவப்பு சொன்னேன். புயல் வரல. மீன் நல்லா விழற மாசம், ஜனங்க சும்மா உட்கார்ந்திருந்தாங்க. எங்க குப்பத்துல என் குரலைப் போட்டுப் போட்டுச் சிரிச்சாங்க. புதன்கிழமை பேசறதுக்கு முன்னாடி பாபு போன் பண்ணான். 'ஒரே ஒரு நாள் குடு அண்ணா, வியாழன் சாயங்காலம் திரும்பிடறோம்'னான். புயல் எப்பவும் சொன்னதுக்குப் பின்னாடிதான் வரும், நான் பார்த்ததுல அப்படித்தான். ஒரு நாள் தள்ளிச் சொன்னேன். தாள் யார் கண்ணுலயும் படக் கூடாதுன்னு அன்னிக்கே கிழிச்சுப் போட்டுட்டேன். வியாழக்கிழமை சார் போன் பண்ணி, புதன் தாளை எடுத்து வைன்னார். வேற தாள் எடுத்து..." அவன் ஹர்ஷிதாவைப் பார்த்தான். "உன் எழுத்தைப் போட்டேன்மா."

பழி ஓரிடம் பாவம் ஓரிடம் என்பார்கள். ஹர்ஷிதா மூன்று நாள் சுமந்தது அவ்வளவும் அவனுடையது. அவள் அவனைத் திட்டுவாள் என்று எல்லோரும் எதிர்பார்த்தார்கள். அவள் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். அழுது முடித்ததும் எழுந்து கணினிக்குப் போனாள். வரைபடத்தைப் பார்த்தாள், ஒரு வெற்றுத் தாளை எடுத்தாள், சாஹித்யா அளந்து வந்த மழையை மேலே எழுதினாள். இன்று மதியம் முதல் என்ற வரியில் விரலை வைத்துக்கொண்டு சிவப்பில் டிக் அடித்தாள். தாளைச் சுனிலிடம் நீட்டினாள்.

"இவன் பேசினா இனிமே யார் கேப்பா?" என்றார் ராமசுவாமி கசப்போடு.

"வேற யார் பேசினாலும் கேக்கமாட்டாங்க சார்," என்றாள் ஹர்ஷிதா. "நம்ம கணிப்பே தப்புன்னுதானே ஜனங்க நினைக்கறாங்க. கணிப்பு தப்பில்லைன்னு இவர்தான் சொல்லணும்."

சுனில் பதிவு அறைக்குள் போனான். கதவைச் சாத்தவில்லை. முதலில் தெலுங்கில் பேசினான், பிறகு தமிழில்.

"கரைக்குரல்லேர்ந்து சுனில் பேசறேன். இன்னிக்கு மத்தியானத்துலேர்ந்து சிவப்பு. யாரும் கடலுக்குப் போகக் கூடாது. புதன்கிழமையும் தாள்ல சிவப்புதான் இருந்துச்சு. ஒரு நாள் தள்ளிச் சொன்னது நான். அந்தப் பொண்ணு சரியாத்தான் எழுதிக் குடுத்துச்சு. பாபுவைத் தேடி யாரும் போகாதீங்க. அவனைக் கொன்னது நான்தான். இன்னொருத்தரைக் கொல்ல எனக்குத் தெம்பு இல்லை."

ஒன்பதே கால் மணிக்கு அது இருநூறு போன்களுக்குப் போயிற்று. இருபது நிமிடம் கழித்துச் சுனிலின் போன் ஒலித்தது. காதில் வைக்கத் துணிவில்லாமல் ஸ்பீக்கரைப் போட்டு மேசையில் வைத்தான்.

"படகை எல்லாம் மேல இழுத்துக் கட்டிட்டாங்க," என்றது ஒரு வயதான பெண்ணின் குரல். "யாரும் போகலை."

"அம்மா," என்றான் சுனில்.

மறுமுனையில் காற்று இரைந்தது.

"நீயும் இங்க வராதே," என்று சொல்லிவிட்டு அவள் போனை வைத்தாள்.