முத்துக்கரை மணியும் மச்சான் கயிறும்

"மணி அடிக்காம சபை கூடாதுவே! எங்க பாட்டன் காலத்துல கூடல, இப்பவும் கூடாது!"

முத்துக்கரையின் ஏழு துறைகளுக்கும் ஏழு பட்டங்கட்டிகள், அதாவது ஊர்த்தலைவர்கள். வேறு எதிலும் ஒத்துப்போகாத அந்த ஏழு பேரும் இதில் மட்டும் ஒரே வாயாக நின்றார்கள். சபை மணியோ, பழுது பார்த்துத் திரும்பும் வழியில் தோணியோடு மூழ்கி, நரிப்பாறைக்கு அப்பால் கடலடியில் கிடந்தது. லந்தக்காரர்களின், அதாவது டச்சுக்காரர்களின் கப்பல்கள் வந்துகொண்டிருந்தன. சபை கூடி ஒரே பதில் சொல்லாவிட்டால், அவர்கள் துறை துறையாக மிரட்டி முத்துக்கடலையே எழுதி வாங்கிவிடுவார்கள்.

"அப்ப நான் போயி மணியக் கொண்டு வாரேன்" என்றான் கஸ்பார் வாஸ்.

முத்துக்கரை லந்தக்காரன் கையில் சிக்காமலே போனதாக ஒரு சரித்திரம் இருந்தால், அதில் இந்தக் கஸ்பார்தான் முதல் மந்திரி. காசில்கூட அவன் முகம் இருக்கும். அன்றைக்கு அவன் வெறும் வாய்ச்சவடால்காரன். பேச்சுப் பல்லக்கு, தம்பி கால்நடை என்று ஊரே கேலி செய்தது.

விடிந்ததும் வள்ளம் புறப்பட்டது. சுக்கான் பிடித்தவர் சூசைத் தண்டல். நாலு துடுப்புக்காரர்கள். முங்குவதற்கு எதிர்த்துறை இன்னாசி. கஸ்பாரின் துறைக்கும் அவன் துறைக்கும் நடந்த வலைத் தகராறில் மண்டைகள் உடைந்திருந்தன. ஆனாலும் அந்த ஆழத்துக்கு இன்னாசியை விட்டால் ஆளில்லை. அவனைப் பேசியே சம்மதிக்க வைத்ததில் கஸ்பாருக்குப் பெருமை தாங்கவில்லை.

நரிப்பாறையில் நங்கூரம் விழுந்தது. ஆளை அடிக்கு இழுத்துப்போகும் முங்குகல்லை இன்னாசி காலில் மாட்டவே இல்லை.

"எங் கயித்த யாருவே பிடிக்கா?"

முத்துக்கரையில் முங்குகிறவனின் இடுப்புக் கயிற்றை அவன் மனைவியோடு பிறந்த மச்சான்தான் பிடிக்க வேண்டும். தங்கச்சி தாலியறுக்கப் பார்ப்பானா எவனும்? அவன் கயிற்றை விடமாட்டான். இன்னாசியின் மச்சான் காய்ச்சலில் கிடந்தான். அது கஸ்பாருக்குத் தெரியும். பேசிச் சமாளித்துவிடலாம் என்று நினைத்திருந்தான்.

"நான் பிடிக்கேன்!"

"நீரா? எம் பொண்டாட்டி தாலிய உம்ம வாயிலயா கட்டித் தொங்கவிட?"

துடுப்புக்காரர்கள் சிரித்தார்கள். கஸ்பார் நாட்டைச் சொன்னான், மானத்தைச் சொன்னான், பிள்ளைகுட்டிகளைச் சொன்னான். இன்னாசி கடலைப் பார்த்துக்கொண்டிருந்தான். தொண்டை வறண்டதும் கஸ்பார் சட்டையைக் கழற்றினான்.

"சரி. நான் எறங்குதேன். நீரு பிடியும்."

"வேண்டாம்லே! அது எதிர்த்துறைக் கை!" என்று தண்டல் கத்தினார். கஸ்பார் அதற்குள் கயிற்றையும் முங்குகல்லையும் மாட்டிக்கொண்டு குதித்துவிட்டான்.

காது அடைத்தது. பச்சை இருட்டில் கல் அவனை இழுத்துக்கொண்டு போனது. அதோ மணி! பாறை இடுக்கில் பாசியோடு சாய்ந்து கிடந்தது. மேலே இழுக்கச் சொல்லிக் கயிற்றைச் சுண்டினான். ஒன்றும் நடக்கவில்லை. மறுபடி சுண்டினான். விட்டுவிட்டான் பாவி என்று நினைத்தான். அவனுக்கு அழுகை வந்தது. கடலுக்குள் அழுது என்ன பயன்?

திடீரென்று இடுப்பு இழுபட்டது. மேலே வந்து விழுந்து, மூச்சு வாங்கியபின் பார்த்தான். இன்னாசியின் இரண்டு உள்ளங்கையும் தோலுரிந்து ரத்தம்.

"கயிறு பாறையில சிக்கிட்டு. அறுந்துராம எடுக்கணும்லா" என்றான் இன்னாசி. பிறகு முங்குகல்லை எடுத்துத் தன் காலில் மாட்டிக்கொண்டு, கயிற்று முனையைக் கஸ்பாரின் மடியில் போட்டான்.

மணியைக் கட்டியாயிற்று என்று அடியிலிருந்து சைகை வந்தது. நாலு பேரும் கப்பியில் இழுத்தார்கள். மணி பாதி தூரம் ஏறியபோது ஒருவன் வழுக்கி விழுந்தான். பாரம் மற்றவர்களை இழுத்தது. அதே நொடி கஸ்பாரின் கையில் இன்னாசியின் கயிறு சுண்டியது.

"மணி போவுதுலே! அத விட்டுட்டு இங்க ஓடியா!" தண்டல் அலறினார்.

இரண்டெட்டில் மணிக்கயிறு. ஏழு துறையும், சொன்ன சொல்லும் அந்தக் கயிற்றில்தான் தொங்கின. கஸ்பார் திரும்பிக்கூடப் பார்க்காமல் இன்னாசியை இழுத்தான். மணி மறுபடி அடியில் போய் விழுந்து, பாறையில் மோதிய அதிர்வு வள்ளத்தின் பலகையில் தெரிந்தது.

மேலே வந்த இன்னாசி நடந்ததைக் கேட்டான்.

"மறுபடி எறங்குனாப் போச்சு" என்றான். கயிற்றை யார் பிடிப்பது என்று இந்தத் தடவை கேட்கவில்லை.

விளிம்பு உடைந்த மணியோடு அவர்கள் கரை சேர்ந்தபோது ஊரே கடற்கரையில் ஆர்ப்பரித்தது. மணி ஓட்டைத் தகரம் மாதிரி ஒலித்தது. ஆனாலும் ஏழு பட்டங்கட்டிகளும் வந்தார்கள். லந்தக்காரனுக்கு ஒரே பதில் போனது. கப்பல்கள் வந்த வழியே திரும்பின.

பின்னாளில் எத்தனையோ உடன்படிக்கை செய்த மந்திரி கஸ்பார், நம்பச் சொல்லிக் கேட்பதைவிட முதலில் நம்பிவிடுவது சுருக்கு வழி என்பார். அவருடைய முதல் உடன்படிக்கை அன்றே கடற்கரையில் முடிந்தது.

"மச்சான்" என்று கூப்பிட்டான் இன்னாசி.

கஸ்பார் சுற்றுமுற்றும் பார்த்தான். "யார?"

"உம்மத்தான். உமக்குக் கயிறு பிடிச்சிட்டேன். மொறை தப்பக் கூடாதுல்லா? எந் தங்கச்சி ஒருத்தி இருக்கா. நாளைக்கு வந்து பேசும்."