சிந்துஜா எழுதிய நான்காவது பதில்

சனிக்கிழமை காலை பத்து மணி ஆனால் போதும், சிந்துஜா நஜியாவின் வீட்டுக்கு வந்துவிடுவாள். இருவரும் ஆறாம் வகுப்பு. கடலூர் முதுநகரில் அடுத்தடுத்த தெரு.

நஜியாவின் அண்ணன் ஷாகிர் சிதம்பரத்தில் தங்கிப் படித்துக்கொண்டிருந்தான். போன முறை ஊருக்கு வந்தபோது, வீட்டுக் கம்ப்யூட்டரில் ஒரு கதை விளையாட்டை ஏற்றிக் கொடுத்திருந்தான். அதில் சுடுவதும் இல்லை, ஓடுவதும் இல்லை. ஒரு படம் வரும். அதன் கீழே ஆங்கிலத்தில் பேச்சு வரும். படித்துவிட்டுக் கிளிக் செய்தால் அடுத்த படம்.

கதையில் லீனா என்று ஒரு ரோபோ. பார்க்க மனிதப் பெண் போலவே இருப்பாள். ஒரு குடும்பத்துக்குப் புதிதாக வந்து சேர்கிறாள். அடிக்கடி ஏதாவது கேட்பாள். உடனே திரையில் மூன்று பதில்கள் தோன்றும். ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டும். அதைப் பொறுத்து லீனா சிரிப்பாள், வருந்துவாள். சில நேரம் கதையே வேறு பக்கம் திரும்பிவிடும்.

நீ இல்லாமல் நான் ஆட மாட்டேன், நான் இல்லாமல் நீ ஆடக் கூடாது என்று இருவரும் கையில் அடித்துச் சத்தியம் செய்திருந்தார்கள்.

அந்தச் சனிக்கிழமை, திரையில் மழை கொட்டிக்கொண்டிருந்தது. “நான் பழுதாகிவிட்டால் என்னைத் தூக்கிப் போட்டுவிடுவீர்களா?” என்று லீனா கேட்டாள்.

“ரெண்டாவது போடுடி. மொதல் பதிலப் போட்டா அவ வீட்ட விட்டே போயிடுவா” என்றாள் நஜியா.

சிந்துஜா மவுஸிலிருந்து கையை எடுத்தாள். “போயிடுவான்னு உனக்கு எப்படித் தெரியும்?”

நஜியா நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

“தனியா ஆடிட்டியா?”

“கொஞ்சந்தான்.”

“எவ்ளோ?”

“முடியற வரைக்கும்.”

சிந்துஜா செருப்பை மாட்டிக்கொண்டு விறுவிறுவென்று போய்விட்டாள்.

“ஏண்டி, அந்தப் புள்ள சாப்புடாமப் போவுது?” என்று நஜியாவின் அம்மா அஜீசுன்னிசா சமையலறையிலிருந்து எட்டிப் பார்த்தார்.

திங்கட்கிழமை வகுப்பில் சிந்துஜா பெஞ்சு மாறி உட்கார்ந்திருந்தாள்.

“சாரிடி” என்றாள் நஜியா. சிந்துஜா புவியியல் புத்தகத்தைத் திறந்து முகத்தை மறைத்துக்கொண்டாள்.

விளையாட்டில் தப்பான பதிலைச் சொல்லிவிட்டால் பழைய இடத்துக்குத் திரும்பிப் போகலாம். வகுப்பறையில் அதற்கு வழி இல்லை.

செவ்வாய்க்கிழமை நஜியா, அம்மா செய்த சமோசாவை நீட்டினாள். “எனக்குப் பசிக்கல” என்றாள் சிந்துஜா. ஆனால், நஜியா டப்பாவை மூடும் வரை அவள் கண் சமோசாவின் மேலேயே இருந்தது.

புதன்கிழமை நஜியா ஒரு தாளில் எழுதி அனுப்பினாள்.

‘நஜியா என்ன செய்ய வேண்டும்? ஒன்றை மட்டும் டிக் செய்யவும்.
1. பத்துத் தோப்புக்கரணம்.
2. ஒரு மாதம் உன் தண்ணீர் பாட்டிலை அவளே நிரப்ப வேண்டும்.
3. இனிமேல் கம்ப்யூட்டரைத் தொடவே கூடாது.’

தாள் திரும்பி வந்தது. டிக் எதுவும் இல்லை. அடியில் சிந்துஜாவின் குண்டு குண்டான எழுத்து.

‘4. ஏன் தனியா ஆடினேன்னு உண்மையச் சொல்லணும்.’

நஜியா அதை இரண்டு முறை படித்தாள். மற்ற மூன்றும் எவ்வளவு சுலபம்!

பள்ளி விட்டதும் நஜியா வாசல் அருகே சிந்துஜாவின் முன்னால் போய் நின்றாள்.

“நீ வேகமாப் படிச்சிடற. நான் பாதி படிக்கறதுக்குள்ள கிளிக் பண்ணிடற. லீனா என்ன சொன்னான்னே எனக்குப் புரியாது. உன்னக் கேக்க வெக்கமா இருந்துச்சு. அதான் தனியா ஒக்காந்து மெதுவாப் படிச்சேன். அப்புறம் நிறுத்த முடியல.”



சிந்துஜா அவளையே பார்த்தாள்.

“நானா வேகமாப் படிக்கறேன்? எனக்குப் பாதி வார்த்தைக்கு அர்த்தமே தெரியாதுடி! நீ எங்க கேட்டுடப் போறியோன்னு பயந்துதான் சட்டுசட்டுன்னு கிளிக் பண்ணேன்.”

இருவருக்கும் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது.

“என்னம்மா, பஸ்ஸு போவுது, அங்க என்னா சிரிப்பு?” என்றார் வாட்ச்மேன் லூர்துசாமி.

அடுத்த சனிக்கிழமை சிந்துஜா ஒரு அகராதியோடு வந்தாள். விளையாட்டை முதலிலிருந்து தொடங்கினார்கள். ஒருத்தி உரக்கப் படித்தாள், மற்றவள் அர்த்தம் தேடினாள். லீனா வாசலைத் தாண்டி வீட்டுக்குள் வரவே முக்கால் மணி நேரம் ஆனது.

உள்ளே வந்ததும், “இந்த வீட்டில் எனக்கு என்ன வேலை?” என்று கேட்டாள். சமையல், துணி துவைப்பது, சும்மா எங்களோடு இருப்பது என்று மூன்று பதில்கள். முன்பு சேர்ந்து ஆடியபோது இருவருமே இதைப் படிக்காமல் முதல் பதிலைத் தட்டியிருந்தார்கள்; நஜியா தனியாக ஆடியது அதற்குப் பின்னால் வரும் கதையைத்தான்.

இப்போது சிந்துஜா மூன்றாவதைத் தட்டினாள்.

லீனா சோபாவின் நுனியில் விறைப்பாக உட்கார்ந்திருப்பது போல ஒரு படம் வந்தது.

“ஐயோ, இந்தப் படத்த நானும் பாத்ததில்லடி! தள்ளி ஒக்காரு” என்று நஜியா அதே நாற்காலியில் இடித்துக்கொண்டு உட்கார்ந்தாள்.

இருவரும் விரல் வைத்து, ஒவ்வொரு வார்த்தையாகப் படித்தார்கள். “சும்மா இருப்பது எப்படி என்று எனக்குத் தெரியாதே. யாராவது சொல்லித் தருவீர்களா?” என்று லீனா கேட்டிருந்தாள்.

“அதுக்கு நம்மள உட்டா வேற யாரு இருக்கா?” என்றாள் சிந்துஜா.