தேனிலவுக்கு வந்தவள்

வாடகைக் கார் ஏலகிரி மேல் ஏறி முடித்தபோது வெயில் காணாமல் போயிருந்தது. கீழே அடிவாரத்துப் பொன்னேரி வரை சுள்ளென்று அடித்த பிற்பகல் வெயில்தான். கடைசி கொண்டை ஊசி வளைவைத் தாண்டியதும் மூடுபனி சாலையின் இரு பக்கமும் இறங்கி, மரங்களின் அடிப்பகுதியை மட்டும் விட்டு வைத்திருந்தது.

"இன்னா குளிரு பாருங்க!" பூர்ணிமா கண்ணாடியை இறக்கிக் கையை வெளியே நீட்டினாள்.

சூரியபிரகாஷ் தலையை ஆட்டினான். திரும்பிப் பார்க்கவில்லை.

கல்யாணமாகி நாலைந்து மாதம் ஆகியும் தேனிலவுக்கு எங்கே போவது என்பது முடிவாகாமலே கிடந்தது. பூர்ணிமா வேலூரில் ஒரு தனியார் மருத்துவமனையில் நர்ஸ். தங்கைகளுக்குக் கல்யாணம் செய்து வைத்துவிட்டு நிமிர்ந்து பார்த்தபோது வயது முப்பத்து மூன்று. அவள் பார்த்த உலகம் வார்டும் காட்பாடி ஸ்டேஷனும்தான். போகிற இடத்தில் விடிந்ததிலிருந்து பொழுது சாயும்வரை சுற்ற வேண்டும், அருவி, ஏரி, தோட்டம் ஒன்றையும் விடக்கூடாது என்றாள். ஆம்பூர் ஷூ கம்பெனியில் லைன் சூப்பர்வைசராக இருக்கும் அவனுக்கோ படுத்தால் போதும். "ஊட்டிக்குப் போய் க்யூல நிக்கறதுக்கு கம்பெனி கேட்லயே நின்னுக்கலாம்" என்றான். குமரகத்தில் படகு வீடு எடுக்கலாம் என்று அவன் சொன்னதற்கு, "தண்ணியையே எத்தினி நேரம் பாத்துனு உக்கார்றது?" என்று இவள் கேட்டாள்.

அப்புறம் ஒரு நாள் காலை இட்லியைப் பிய்த்துக்கொண்டே அவன் சொன்னான். "சரி, ஏலகிரிக்கே போலாம்."

நாட்றம்பள்ளியில் அவர்கள் வீட்டு மொட்டை மாடியில் நின்றாலே தெரிகிற மலை. அங்கே தேனிலவு என்றால் வார்டில் சிரிப்பார்கள். ஆனாலும் யோசித்துப் பார்த்தபோது இருவருக்கும் பொருந்தி வந்தது. சுற்ற ஏரியும் பூங்காவும் இருந்தன. படுக்கக் குளிர் இருந்தது. அவனாகவே இறங்கி வந்துவிட்டான் என்பதில் அவளுக்கு ஒரு சந்தோஷமும் இருந்தது.

அவனுக்கு இது இரண்டாம் கல்யாணம். முதல் மனைவி மோகனா அதே கம்பெனியில், அவன் லைனிலேயே, பசை ஒட்டும் மேசையில் இருந்தவள். "திடீர்னு ஹார்ட் அட்டாக்" என்று பெண் பார்க்க வந்த அன்றே சொல்லிவிட்டான். மிச்சத்தைப் பக்கத்து வீட்டுக்காரர்கள் சொன்னார்கள். வேலை முடிந்து வரும் கம்பெனி பஸ்ஸில், ஜன்னலில் தலை சாய்த்தபடி போயிருக்கிறாள். தூங்குகிறாள் என்று யாரும் எழுப்பவில்லை. நாட்றம்பள்ளியில் எல்லோரும் இறங்கிய பிறகு டிரைவர் வந்து தோளைத் தொட்டாராம்.

அவர்கள் எடுத்திருந்த அறை, நிலாவூர் போகும் சாலையில் ஒரு பழைய பங்களாவில் இருந்தது. ஆம்பூர் தோல் வியாபாரி ஒருவர் கோடைக்காகக் கட்டியது. இப்போது அவருடைய மருமகள் ரஃபத் ஜஹான் அதில் நாலு அறைகளை வாடகைக்கு விட்டுக்கொண்டிருந்தார். வெற்றிலை போட்ட வாயோடு வாசலுக்கே வந்து வரவேற்றார்.

"வாம்மா, வாங்க தம்பி. இன்னிக்கு வேற யாரும் இல்ல, வீடே உங்களுக்குத்தான். பேஜார் பண்ண ஆளே கெடையாது."

அறை பெரியதாக இருந்தது. உயரமான கூரை, தேக்குக் கட்டில், பள்ளத்தாக்கைப் பார்த்து ஒரு அகலமான ஜன்னல். ஜன்னலோரம் ஒரு பிரம்பு நாற்காலி. பூட்டியே கிடந்த அறையின் வாடைக்குள் வேறொரு வாடையும் இருந்தது. நெடியாக, கொஞ்சம் இனிப்பாக, மூக்கின் உள்ளே ஒட்டிக்கொள்கிற வாடை. மருத்துவமனையின் எந்த வாடையோடும் பூர்ணிமாவால் அதைச் சேர்க்க முடியவில்லை.

"இது இன்னா நாத்தம்?"

"சொல்யூஷன்," என்றான் அவன். ஷூவுக்குத் தோல் ஒட்டும் பசை. "என் துணியில இருக்கும். எத்தினி தடவ தொவச்சாலும் போவாது."

அவன் சட்டையும் பேண்ட்டும் புதுசு. கடை மடிப்புகூட இன்னும் கலையவில்லை.

அவன் கட்டிலில் சாய்ந்ததுமே தூங்கிவிட்டான். பூர்ணிமா தேநீர் கேட்டுக் கூடத்துக்குப் போனாள். ரஃபத் ஜஹான் கோப்பையை அவள் கையில் கொடுத்துவிட்டுக் கேட்டார்.

"உங்க கூட வந்த பொண்ணுக்கு வேணாமாம்மா?"

"எந்தப் பொண்ணு?"

"அதான்மா, பின்னாடி சீட்லேர்ந்து எறங்கிச்சே. நான் தோட்டத்துப் பக்கம் போறப்ப பாத்தேன், உங்க ரூம் ஜன்னல்ல உக்காந்துனு இருக்குது. கம்பெனிக் கோட்டு போட்டுனு. கூப்ட்டேன், திரும்பல. வேலைக்குக் கூட்டினு வந்தீங்களோன்னு நெனச்சேன்."

பூர்ணிமா கோப்பையை அப்படியே வைத்துவிட்டாள்.

அவள் அறைக்குத் திரும்பினாள். பிரம்பு நாற்காலி காலியாக இருந்தது. ஆனால் அதன் இருக்கை நடுவில் குழிந்திருந்தது. அவள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே பிரம்பு மெல்ல நெரிந்து, குழி மேலெழுந்து சமமானது.

எழுந்துவிட்டது.

கணவனை உலுக்கி எழுப்பினாள். சொன்னாள். அவன் முகம் வெளிறியது. பிறகு கோபப்பட்டான்.

"அந்தம்மாவுக்குக் கண்ணு தெரியல, அதுக்கு நான் இன்னா பண்றது? நீதான ஏலகிரி ஏலகிரின்னு கேட்ட? இங்க வந்துட்டு இப்ப நாத்தம், பேய்ன்னு..."

"நான் எங்க கேட்டேன்? நீங்கதான சொன்னீங்க?"

"ஏய், கிச்சன்லேர்ந்து கேட்ட. நான் ஹால்ல டிவி பாத்துனு இருந்தேன். 'நம்ம ஏலகிரிக்காச்சும் போலாமே'ன்னு கேட்ட. மூணு நாளு சேந்தாப்ல கேட்ட. சாயங்காலம் ஆனாக் கேக்கறதே வேலையா இருந்துச்சு. நச்சு தாங்காமதான் சரின்னேன்."

பூர்ணிமா அவனையே பார்த்தாள்.

"எனக்கு அந்த வாரம் பூரா ஈவினிங் டூட்டிங்க."

அவன் திரும்பிப் படுத்துப் போர்வையைத் தலைவரை இழுத்துக்கொண்டான். உடனே கிளம்பிவிடலாம் என்றாள். இந்தப் பனியில் எந்த டிரைவரும் மலை இறங்க மாட்டான், காலையில் பார்ப்போம் என்று போர்வைக்குள்ளிருந்தே சொன்னான்.

வெளிச்சம் மங்கியது. பனி ஜன்னல்வரை வந்து நின்றது. ஒரு கணம் விலகியபோது, வெகு கீழே நெடுஞ்சாலையில் வண்டிகளின் விளக்குகள் எறும்புச் சாரைபோல் ஆம்பூர் பக்கத்திலிருந்து வந்துகொண்டிருந்தன. கம்பெனி பஸ்கள் திரும்புகிற நேரம். தினமும் இரண்டு வேளை அந்த பஸ் ஜன்னலிலிருந்து இந்த மலையைப் பார்த்துக்கொண்டு போன ஒருத்தியை அவள் நினைத்துக்கொண்டாள்.

மின்சாரம் போனது.

சுவர்க்கோழியின் சத்தமும் நின்றுபோனது. பூர்ணிமா சுவரோடு ஒட்டி நின்றாள். பசையின் நெடி ஜன்னல் பக்கத்திலிருந்து கிளம்பி அவளைக் கடந்து கட்டிலை நோக்கிப் போனது. ஒருவர் நடக்கிற வேகத்தில்தான் போனது.

பிறகு குரல்.

தணிந்த, பணிவான, மூச்சு வாங்கும் குரல்.

"சார்."

கட்டிலில் அசைவில்லை.

"சார்... அர நாளு லீவு குடுங்க சார். மாரு வலிக்குது. கையெல்லாம் இழுக்குது."

பூர்ணிமா கத்த முயன்றாள். காற்றுதான் வந்தது.

அப்போது கட்டிலிலிருந்து அவள் கணவன் பேசினான். பயத்தோடு அல்ல. பழகிய சலிப்போடு, தூக்கத்தில், தினமும் சொல்வதைச் சொல்கிறவன்போல.

"ஷிப்மென்ட் முடியட்டும். போ, போய் லைன்ல உக்காரு."

"சரிங்க சார்."

நெடி மெல்ல ஜன்னலுக்குத் திரும்பியது. பிரம்பு நாற்காலி நெரிந்தது.

அவள் நர்ஸ். அந்த வலி எது என்று அவளுக்கு யாரும் சொல்ல வேண்டியதில்லை. அன்றே ஆட்டோவில் ஏற்றியிருந்தால் பிழைத்திருப்பாள் என்பதும் தெரிந்தது. அதைவிட ஒன்று அவளைக் குத்தியது. சாகப்போகிற நேரத்திலும் மோகனா தன் புருஷனை 'சார்' என்றுதான் கூப்பிட்டிருக்கிறாள்.

மின்சாரம் வந்ததும் அவனை எழுப்பி உட்கார வைத்துக் கேட்டாள்.

"அவங்க உங்ககிட்ட லீவு கேட்டாங்களா?"

அவன் முதலில் இல்லை என்றான். அவள் கண்ணை எடுக்கவில்லை.

"என் பொண்டாட்டிக்கு மட்டும் லீவு குடுத்தா லைன்ல மத்தவளுங்க சும்மா இருப்பாளுங்களா? தெனம் எவளாச்சும் ஒருத்தி வயித்து வலி, தல வலின்னு வந்து நிப்பா. நான் இன்னா ஜோசியக்காரனா, எது நெஜம்னு கண்டுபுடிக்க?" குரலில் வருத்தத்தைவிட எரிச்சல்தான் இருந்தது. "அவளும் நச்சுதான். அங்க கூட்டினு போ, இங்க கூட்டினு போ. லீவே எடுக்காதவன் எங்கேர்ந்து கூட்டினு போறது?"

"எனக்கு மட்டும் லீவு போட்டீங்களே."

விளக்கை அணைக்காமல், ஆளுக்கொரு பக்கம் பார்த்துக் கிடந்தார்கள்.

காலையில் பனி விலகியிருந்தது. அவன் எழவில்லை. உடம்பு கனமாக இருக்கிறது, கொஞ்ச நேரம் படுக்கிறேன் என்றான். அந்த அறையில் உட்கார்ந்திருக்க முடியாமல் பூர்ணிமா ஏரிக்கரைக்கு நடந்தாள். படகுகளைக் கட்டிப் போட்டிருந்தார்கள். பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் கூட்டமாக வந்து கத்திக்கொண்டிருந்தன. ஆசைப்பட்ட ஏரிதான். பார்த்தாள். ஒன்றும் தோன்றவில்லை. பசையின் நெடி கூட வருகிறதா என்று திரும்பித் திரும்பி மூக்கை உறிஞ்சினாள். ஈர மண்ணின் மணம் மட்டும் இருந்தது.

அப்படியானால் அது அறையிலேயே இருக்கிறது.

அவள் ஓடினாள்.

அவன் மல்லாந்து கிடந்தான். முகம் முழுக்க வேர்வை. உதடுகள் நீலம் பாரித்திருந்தன. போர்வை நெஞ்சின் நடுவில் மட்டும் அமுங்கி, அந்தப் பள்ளம் மெத்தைவரை இறங்கியிருந்தது. தேக்குக் கட்டில் கிறீச்சிட்டது.

"பூர்ணி," என்றான், காற்றே இல்லாத குரலில். "உக்காந்துனு இருக்கா. எறங்கச் சொல்லு."

அவள் விரல்கள் தாமாகவே அவன் மணிக்கட்டுக்குப் போயின. நாடி நூலாக ஓடிக்கொண்டிருந்தது. செய்ய வேண்டியது எல்லாம் அவளுக்குத் தெரியும். ஆனாலும் ஒரு கணம் அப்படியே நின்றாள். போய் லைன்ல உக்காரு என்ற அந்தச் சலிப்பான குரல் காதில் இருந்தது. அந்த ஒரு கணத்தை அவள் பிறகு யாரிடமும் சொன்னதில்லை.

பிறகு, அவன் நெஞ்சுக்கு மேலே இருந்த வெறும் காற்றைப் பார்த்துச் சொன்னாள்.

"மோகனா. போதும். எறங்கிடுங்க."

ஒன்றும் நடக்கவில்லை.

"நான் கூட்டினு போறேன். நீங்க எறங்குங்க."

ஏன் அப்படிச் சொன்னாள் என்று அவளுக்கே தெரியாது. வார்டில், கேட்காத நோயாளியிடம் எதையாவது சொல்லிச் சமாதானப்படுத்துவதுபோல வாயில் வந்துவிட்டது. போர்வையின் பள்ளம் மெதுவாக நிரம்பியது. அவன் மூச்சை இழுத்த சத்தம், நீரில் மூழ்கி எழுந்தவனின் சத்தமாக இருந்தது.

ரஃபத் ஜஹான் யாரையோ பிடித்து வண்டி ஏற்பாடு செய்தார். வேலூர் போய்ச் சேரும்வரை பூர்ணிமா அவன் நாடியை விடவில்லை. எல்லாப் பரிசோதனையும் செய்து பார்த்துவிட்டு, இதயத்தில் ஒரு குறையும் இல்லை என்றார்கள்.

அவன் வீடு திரும்பிய அன்றே அவள் தன் பெட்டியை எடுத்துக்கொண்டு காட்பாடிக்குப் போய்விட்டாள். அங்கே பெண்கள் விடுதியில் ஓர் அறை. இரு வீட்டாரும் வந்து பேசினார்கள். தேனிலவு போய் வந்ததும் பிரிகிற பெண்ணைப் பற்றி ஊர் பேச வேண்டியதையெல்லாம் பேசியது. அவள் காரணம் சொல்லவில்லை. சொன்னால் யார் நம்புவார்கள்?

அவனைப் பற்றி எப்போதாவது செய்தி வரும். இப்போதெல்லாம் யார் வந்து லீவு கேட்டாலும் கொடுத்துவிடுகிறானாம். தலை நிமிர்ந்து முகத்தைப் பார்ப்பதில்லையாம். "சார்" என்று ஒரு பெண் குரல் பின்னாலிருந்து வந்தால் போதும், "போ, போ" என்று கையை ஆட்டுகிறானாம். லைனில் உற்பத்தி படுத்துவிட்டது. கம்பெனி அவனைக் குடோனுக்கு மாற்றிவிட்டது. அங்கே பெண்கள் இல்லை. இருந்தும் கையை ஆட்டுவதை அவன் நிறுத்தவில்லை என்றார்கள்.

மோகனா அவனோடேயே இருக்கிறாள் என்று பூர்ணிமா நம்பினாள். இரக்கமில்லாத நிம்மதிதான், ஆனால் நிம்மதி.

மார்கழி போனதும் அவள் நாலு நாள் லீவு போட்டு மைசூருக்குக் கிளம்பினாள். தனியாக. யாரோடும் இடம் பேசி முடிவு செய்ய வேண்டியதில்லை. வேண்டிய மட்டும் சுற்றலாம், அலுத்தால் படுக்கலாம். காட்பாடியில் பகல் நேர ரயிலில், ஏசி பெட்டியில் ஏறினாள். ஜன்னல் சீட்டில் ஆளில்லை. தன் இடத்தில் உட்கார்ந்து கண்ணை மூடிக்கொண்டாள்.

ஆம்பூர் தாண்டியது. வாணியம்பாடி தாண்டியது. ஜோலார்பேட்டையில் ஏறிய ஒரு பெரியவர் பையைத் தூக்கிக்கொண்டு வந்து அவள் பக்கத்தில் நின்றார்.

"ஏம்மா, அந்த ஜன்னல் சீட்டு காலிதானே? கொஞ்சம் உள்ள போறேன்."

பூர்ணிமா கண்ணைத் திறந்து திரும்பினாள்.

வெளியே மலை தெரிந்தது. மூடிய கண்ணாடியின் உள்பக்கம், உட்கார்ந்திருக்கும் ஒருவரின் வாய் உயரத்தில், ஆவி படிந்து ஒரு சின்ன வட்டம். அது மெல்லச் சுருங்கி மறைந்தது.

மறுபடி படிந்தது.

மறைந்தது.

மறுபடி படிந்தது. வலியில்லாத, நிதானமான மூச்சு.

"இல்லீங்க," என்றாள் பூர்ணிமா, வறண்ட நாக்கால். "ஆள் இருக்காங்க."