வேலியில் இருந்த காகங்கள்

இடுப்பில் நாரி மறுபடியும் பிடித்துக்கொண்டது. கோழித் தொழிற்சாலையில் ஆறு வருடம் பெட்டி தூக்கியதற்குக் கிடைத்த பரிசு. இந்தக் குளிர்காலம் முழுவதும் சிறிதரனுக்குக் குசினிக் கதிரையும் யன்னலும் டண்டினொங் வாடகை வீட்டின் பின்வளவும்தான் உலகம். கதிரையில் இருந்தால் எழும்ப அரைமணி நேரமாகும். அதனால் இருந்தபடியே காகம் பார்த்தான்.

ஊர்க் காகம் போல இல்லை இந்த வெளிநாட்டுக் காகங்கள். கண் வெள்ளை. கத்தினால் பசித்த பிள்ளை அழுவது போல இழுபடும். ஆனாலும் காகம் காகம்தான் என்று, தினமும் சமைத்த சோற்றில் முதல் பிடியைப் பீரிசுத் தட்டில் போட்டு, சுவரைப் பிடித்துப் போய் வளவில் வைத்தான். ஜூலை, ஓகஸ்ட் முழுவதும் ஒன்றோடொன்று அடிபட்டுத் தின்றன.

இந்த நாட்டில் வசந்தம் தொடங்கும் செப்டெம்பர் பிறந்து, வேலியோரத்து வாட்டில் மரம் மஞ்சளாய்ப் பூத்து, கூட்டிலிருந்த குஞ்சுகள் நாள் முழுக்கச் சிவந்த வாயைப் பிளந்து கத்தத் தொடங்கிய கிழமையில், காகங்கள் சோற்றைத் தொடவில்லை. வேலியில் வரிசையாக இருந்து வீட்டையே பார்த்தன.

காகம் எடுக்காவிட்டால் செத்தவருக்கு ஏதோ குறை. இதை அவனுக்கு யாரும் சொல்லித்தரத் தேவையில்லை.

செத்தவன் சிவபாலன். இதே வீட்டில் அடுத்த அறையில் இருந்தவன். மே மாதம் ஓர் இரவு, நாரி வலியில் கிடந்த சிறிதரனின் ஷிப்ட்டைத் தான் செய்யப்போனான். அவன் உள்ளே நிற்க உறைகுளிர் அறையின் கதவு இறுகிவிட்டது. விடிந்துதான் திறந்தார்கள். சாம்பல் சிறிதரன் கைக்கு வந்தது. முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக் கிரியை செய்து கடலில் கரைப்பதாகக் கிளிநொச்சியில் இருந்த சிவபாலனின் மனைவி விமலாவுக்கு வாக்குக் கொடுத்தான். கடல் தூரம். நாரி விடவில்லை. பெட்டி அவன் கதிரைக்குப் பின்னால், அலுமாரியில், அரிசி மூட்டைக்குப் பக்கத்தில் அப்படியே இருந்தது.

“எல்லாம் முடிஞ்சுதோ, சிறி அண்ணை?” என்று அந்த முப்பத்தோராம் நாள் விமலா போனில் கேட்டாள்.

“ஓம் தங்கச்சி. கடல்லை கரைச்சிட்டன். காகமும் வந்து எடுத்தது.”

“அப்ப இனி அவர் பசி கிடக்கமாட்டார்.”

காகங்கள் சோற்றைத் தொடாத கிழமையில் ஒரு மத்தியானம் தேவராஜா சாமான் கொண்டுவந்து வைத்தான். கூட வேலை செய்தவன்.

“காகத்துக்குப் பீரிசிலை சோறு, எனக்கு ஒரு பிளேன்ரீ கூட இல்லை. நல்ல நியாயம் மச்சான்.”

“தேவா, இப்பவே கடலுக்குக் கூட்டிக்கொண்டு போறியா?”

“சனிக்கிழமை பாப்பம். ஷிப்ட்டுக்கு நேரம்.” ஜாக்கெட்டை இழுத்து மூடினான். “என்னடா இது, வெளியிலை வெயில், உள்ளுக்கு இப்பிடிக் குளிருது?”

அவன் போக, முன்கதவு சாத்துப்பட்டது.

சிறிதரன் எழும்பப் பார்த்தான். இடுப்புக்குக் கீழே மரம். யன்னலுக்கு வெளியே வேலி வெறுமையாகியிருந்தது. காகங்கள் உடுப்புக் கொடிக்கு வந்திருந்தன, பிறகு தண்ணீர்த் தொட்டிக்கு, பிறகு சத்தமே இல்லாமல் யன்னல் விளிம்புக்கு, சிறகோடு சிறகு ஒட்டி. வாட்டில் பூ வாசம் நின்றுபோயிருந்தது. அதன் இடத்தில் குளோரினும் பச்சைக் கோழியும் உறைபனியும் கலந்த வாடை. அவனுக்கு நன்றாகத் தெரிந்த வாடை.

வெள்ளைக் கண்கள். பத்து, பதினைந்து. அவனைப் பார்க்கவில்லை. அவன் தோளுக்கு மேலே பார்த்தன.

பின்னால் அலுமாரிக் கதவு திறந்தது.

மூச்சை அடக்கினான்.

யன்னல் கண்ணாடியில் ஆவி படிந்தது. அவன் மூச்சு இல்லை. கரைந்தது. மறுபடி படிந்தது.

பறக்கப் பழகிய ஒரு குஞ்சு விளிம்பில் வந்து இறங்கி வாயைப் பிளந்தது. கண்ணாடிக்குள்ளும் ஒரு வாய். அவன் தோளுக்குப் பக்கத்தில். புருவத்தில் பனி. உதடு நீலம். நாக்கு சிவப்பு. சத்தமில்லாமல் பிளந்தபடி. ஊட்டும்வரை மூடாத வாய்.

ஒரு பிடி எள்ளுச்சோறு. கடல்வரை ஒரு பயணம். சிவபாலனுக்குச் சிறிதரன் இன்னும் கொடுக்கவில்லை.